புதுப் பம்புக்கு ஈரத்துண்டு

எங்கள் பழைய காரை ஓட்டிய டிரைவர் காக்கிச் சட்டை போட்ட ஒல்லி மனிதர். வெயிலில் என்ஜினை ஒட்டிய பெட்ரோல் பம்பு சூடாகி வண்டி நின்றால், தோளில் கிடக்கும் துண்டை நனைத்து அதன்மேல் சுற்றுவார். அந்தத் தொல்லையே வேண்டாமென்று என்ஜின் சூடு எட்டாத டிக்கியில், கரண்டில் ஓடும் புதுப் பம்பு மாட்டினேன்.

மறுவாரம், பிரசவ வலியெடுத்த தங்கச்சியோடு திண்டுக்கல் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினோம். எரியோடு ஊரைத் தாண்டியதும் வண்டி நின்றது. டிக்கியைத் திறந்தால், புதுப் பம்பிலும் ஈரத்துண்டு. தண்ணீர் இறங்கி பம்பு செத்துப்போயிருந்தது.

“கரண்டுல ஓடுறதுக்கு எவனாச்சும் ஈரத்துணி சுத்துவானா?” என்று கத்தினேன்.

“வெயிலு எல்லாத்துக்கும் ஒண்ணுதானே தம்பி.”

ஓங்கிய கையை எப்படி அடக்கினேனோ. அவர் துண்டைப் பிழிந்து தங்கச்சி நெற்றியில் போட்டுவிட்டு, நடுரோட்டில் போய் நின்று லாரியை மறித்தார். அது அவர் நெஞ்சுக்கு ஒரு முழம் முன்னால்தான் நின்றது.

இன்றும் யாராவது அவர் பேச்சை எடுத்தால் எனக்குத் திட்டத்தான் வருகிறது. தங்கச்சி மகன் எதிரில் இருந்தால் மட்டும் வாயை மூடிக்கொள்கிறேன்.