ஒயிட் பேலன்ஸ்: டேலைட்

போன ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு செபாஸ்தியான் அண்ணன் என் வீட்டுக்கு வந்தார். கம்பம்மெட்டில் எங்களுக்கு இரண்டு வீடு தள்ளி இருப்பவர். ஏலக்காய் ஸ்டோரில் காய் உலர்த்தும் வேலை. அவர் மனைவி மேரி அக்கா இறந்து மூன்று வாரம்தான் ஆகியிருந்தது.

"முப்பதாம் நாள் பூசைக்குப் படம் ஒண்ணு பெருசா போடணும் தம்பி. மாதா கோயில் திருவிழால நீங்க எடுத்தீங்கள்ல... அதுல நல்லா சிரிச்சிருப்பா."

நான் தொழில்முறை போட்டோகிராபர் இல்லை. கேமரா வைத்திருக்கும் ஒரு ஆள், அவ்வளவுதான். ஊரில் விசேஷம் என்றால் கூப்பிடுவார்கள். போவேன்.

"ஒண்ணே ஒண்ணு. முகம் மஞ்சளா விழுந்திருக்கு. அதை மட்டும் எடுத்துருங்க."

அதற்கென்ன, சுலபமான வேலை. எனக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளிச்சத்துக்கு ஏற்ப நிறத்தைச் சரிசெய்யும் ஒயிட் பேலன்ஸை, கேமராவில் 'ஷேடு' (நிழல்) என்று வைத்துவிடுவேன். மலை மூட்டத்தில் எடுக்கும் படங்களுக்கு அது கொஞ்சம் வெயில் பூசிக் கொடுக்கும். எல்லாரும் லேசாக மஞ்சளடிப்பார்கள்.

லேப்டாப்பைத் திறந்து படத்தின் மெட்டாடேட்டாவைப் பார்த்தேன். டிஜிட்டல் படம் ஒவ்வொன்றுக்குள்ளும் இப்படி ஒரு குறிப்பு இருக்கும். எத்தனை மணிக்கு எடுத்தது, எந்த கலர் ஸ்டைல், ஒயிட் பேலன்ஸ் என்ன — எல்லாவற்றையும் கேமராவே எழுதி வைத்துவிடும். அது எவ்வளவு மஞ்சள் சேர்த்தது என்று தெரிந்தால், அவ்வளவையும் கழித்துவிடலாம் இல்லையா?

கலர் ஸ்டைல்: ஸ்டாண்டர்டு. சாச்சுரேஷன்: பூஜ்யம் — நிறத்தைக் கூட்டவுமில்லை, குறைக்கவுமில்லை. ஒயிட் பேலன்ஸ்: டேலைட்.

திருவிழாவுக்கு முதல் நாள்தான் கேமராவை ரீசெட் செய்திருந்தேன். திரும்ப 'ஷேடு' வைக்க மறந்தே போயிருக்கிறேன்.

காலை பதினோரு மணி, சுள்ளென்ற வெயில். அதற்கு மிகச் சரியான செட்டிங். கேமரா ஒரு பொட்டு மஞ்சள்கூடச் சேர்க்கவில்லை. பக்கத்தில் நிற்கும் ஃபாதரின் அங்கி வெள்ளை வெளேரென்று இருக்கிறது. மேரி அக்கா மட்டும்தான் மஞ்சள். படத்தில் அவர் கண்களை ஜூம் செய்து பார்த்தேன். விழியின் வெள்ளைகூட...



திருவிழா அன்று படம் எடுத்ததும், கேமராவின் சின்னத் திரையில் அக்காவுக்குக் காட்டினேன். உற்றுப் பார்த்தார். "ஏன் தம்பி, நான் மட்டும் என்னமோ மஞ்சளா இருக்கேன்?"

நான் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அடுத்த குடும்பம் காத்துக்கொண்டிருந்தது. "அது கேமரா செட்டிங்க்கா!" என்றேன். சிரித்துக்கொண்டே போய்விட்டார்.

இரண்டு மாதம் கழித்து, காமாலை முற்றி மதுரைக்குக் கொண்டுபோனார்கள். பித்தக் குழாயில் கட்டி. இனி ஒன்றும் செய்வதற்கில்லை என்று சொல்லிவிட்டார்கள்.

எடை கூடினால் மெஷின் சரியில்லை. பிரஷர் கூடினாலும் மெஷின் சரியில்லை. நாம் எல்லாருமே இப்படித்தானே சொல்கிறோம்? மெஷின் பாவம், பெரும்பாலும் சரியாகத்தான் இருக்கிறது.

"என்ன தம்பி, எடுக்க வராதா?" என்றார் பக்கத்தில் இருந்த அண்ணன்.

மறைத்திருக்கலாம். முடியவில்லை. செட்டிங், அக்கா கேட்டது, நான் சொன்ன பதில் — எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

அண்ணன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அன்னைக்கு ராத்திரி எங்கிட்டயும் கேட்டா. கம்பத்துக்கு ஒரு எட்டு போயி டாக்டரைப் பாத்துட்டு வரலாமான்னா. மறுநாளு அவளே, 'வேணாம், கேமராதானாம், தம்பி சொல்லுச்சு'ன்னுட்டா. நானும் காய் சீசன்ல லீவு கேக்க முடியாதுன்னு விட்டுட்டேன்."

"அப்பவே போயிருந்தா..." என்று ஆரம்பித்தேன்.

"யாருக்குத் தெரியும்?" என்றார்.

பிறகு சொன்னார். "அந்த மஞ்சளை எடுத்துருங்க தம்பி. மக பாத்தா தாங்க மாட்டா."

எடுத்தேன். இரண்டு நிமிட வேலை. மேரி அக்கா ஒரு நோயும் இல்லாதவராகத் திரையில் சிரித்தார்.

வாசலில் செருப்பை மாட்டிக்கொண்ட அண்ணன், என் தோளில் கை வைத்து, "நீங்க ஒண்ணும் மனசுல வச்சுக்காதீங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

ஒரு வார்த்தை திட்டியிருக்கலாம், அந்த மனுஷன்.