நான்கு படத்திலும் இருந்த துணுக்கு

அந்த ஆராய்ச்சிக்கூடத்தில் எல்லோரும் அவளை வண்ணக்கா என்றுதான் கூப்பிட்டார்கள், பேராசிரியர் உட்பட. பத்தொன்பது வருடம் துணி அச்சிடும் ஆலையில் டிசைன் போட்டவள். ஆலை கை மாறியபோது வேலை போயிற்று. புரதங்களைப் படமாக்கித் தர ஆள் வேண்டும் என்ற விளம்பரம் கண்ணில் பட்டது. அவளுக்குத் தெரிந்த புரதமெல்லாம் பருப்பும் முட்டையும்தான். அதை எப்படிப் படமாக்குவார்கள் என்று பார்த்துவிட்டாவது வருவோமே என்று நேர்முகத்துக்குப் போனவள், அங்கேயே தங்கிவிட்டாள்.

வேலை இதுதான். ஆராய்ச்சிக்காரர்கள் ஒரு ஃபைலைக் கொடுப்பார்கள். அதைத் திறந்தால் கணினித் திரையில் ஆயிரக்கணக்கான அணுக்கள் நூல்கண்டு சிக்கினாற்போல் கிடக்கும். அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்து நல்ல கோணம் பிடிக்க வேண்டும். சுருள்களை ரிப்பனாகவும், முக்கியமான அணுக்களைக் குச்சிகளாகவும் காட்ட வேண்டும். பின்னணி வெள்ளையாக, எழுத்து படிக்கும்படியாக, பத்திரிகையின் ஒரு பத்தி அகலத்துக்குள் எல்லாம் அடங்க வேண்டும்.

சேர்ந்த முதல் வாரமே ஒரு படத்தை, பக்கத்துக்கு எடுப்பாக இருக்கும் என்று இடம் வலமாகப் புரட்டிப் போட்டுவிட்டாள். துணியில் பூவைப் புரட்டினால் யார் கேட்கப் போகிறார்கள்? இங்கே கேட்டார்கள். உயிருள்ளவற்றின் புரதச் சுருள் வலப்பக்கமாகத்தான் முறுக்கிக்கொள்ளுமாம். புரட்டினால் உலகத்திலேயே இல்லாத ஒரு பொருளாகிவிடுமாம். அவளுக்கு வெட்கத்தைவிட ஆச்சரியம்தான் அதிகம். அன்று முழுக்க வீட்டிலிருந்த திருகாணி, வாளிக் கயிறு எல்லாவற்றையும் எந்தப் பக்கம் முறுக்கியிருக்கிறது என்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்கு மூன்றாம் வருடம் நடந்தது இது.

படிகக்காரி என்று அவர்கள் கூப்பிடும் ஆராய்ச்சிக்காரி ஒருத்தி, சர்க்கரையை நறுக்கும் ஒரு புரதத்தை இரண்டு வருடம் போராடிப் படிகமாக்கியிருந்தாள். படிகத்தின் மேல் எக்ஸ்ரேயைப் பாய்ச்சி, அது சிதறும் விதத்தை வைத்துக் கணக்குப் போட்டால், எங்கெல்லாம் ஏதோ ஒரு பொருள் இருக்கிறதோ அங்கெல்லாம் திரையில் ஒரு நீல வலை விழும். அந்த வலைக்குள் அணுக்களைப் பொருத்துவார்கள். இந்தப் புரதத்தில் ஒரே அச்சில் வார்த்தது போல நான்கு துண்டுகள் ஒட்டிக்கொண்டிருந்தன. நான்கில் எது பார்க்க லட்சணமாக இருக்கிறதோ அதைக் கட்டுரைக்குப் போட வேண்டும். வெள்ளிக்கிழமை அனுப்பியாக வேண்டும்.

வண்ணக்கா நான்கையும் ஒரே கோணத்தில் நிறுத்தி, நான்கு சன்னல்களில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாள். அப்போதுதான் கண்ணில் பட்டது. எந்த அணுவும் இல்லாத இடத்தில், காற்புள்ளி போல வளைந்த ஒரு சின்ன வலைத் துணுக்கு.

"இது என்னம்மா, தனியா தொங்குது?"

படிகக்காரி எட்டிப் பார்த்தாள். "ஓ, அதுவா? வெறும் இரைச்சல் அக்கா. எல்லாப் படிகத்துலயும் இப்படிக் கொஞ்சம் குப்பை இருக்கும். மறைச்சிடுங்க."

மறைப்பது ஒரே ஒரு கட்டளையில் முடிகிற வேலை. அணுக்களுக்குப் பக்கத்தில் இல்லாத வலையை வெட்டு என்றால் கணினி வெட்டிவிடும். வெட்டினாள். படம் துடைத்துவிட்டாற்போல் ஆயிற்று. ஆனால் அவள் மண்டைக்குள் அது குடைந்துகொண்டே இருந்தது. வெட்டியதைத் திரும்பக் கொண்டுவந்து, நான்கு சன்னல்களையும் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்த்தாள். நான்கிலும் அந்தக் காற்புள்ளி இருந்தது. அதே இடம், அதே வளைவு.

ஆலையில் அவள் கண்ணுக்குப் பழகிய விஷயம் இது. சாயம் தெறித்தால் கறை ஏதோ ஓரிடத்தில் விழும். சாயம் இறங்கும் சல்லடையான ஸ்கிரீனில் ஓட்டை இருந்தால், டிசைன் திரும்ப வரும் ஒவ்வொரு தடவையும் அதே இடத்தில் புள்ளி விழும். அது தற்செயல் இல்லை.

ஆனால் போய்ச் சொல்ல நா எழவில்லை. வீட்டுக்கு வந்து, லிஃப்ட் பழுது பார்க்கும் தன் கணவரிடம் புலம்பினாள்.

"அவங்கள்லாம் படிச்சவங்க. நான் போயி குப்பையைக் காட்டினா என்ன நினைப்பாங்க?"

"எங்கிட்ட எல்லாரும் 'லிஃப்ட் சரியில்ல'ன்னுதான் சொல்வாங்க," என்றார் அவர், சட்டைக் கையில் கிரீஸைத் தேய்த்தபடி. "அதை வெச்சுக்கிட்டு நான் என்ன பண்றது? எவராவது ஒருத்தர் 'நாலாவது மாடியில நிக்கறப்ப மட்டும் முனகுது'ன்னு சொன்னா, அவங்களைக் கும்பிடலாம் போல இருக்கும். நீ போய்ச் சொல்லு."

மறுநாள் காலை சொன்னாள்.

"அக்கா, நாளைக்கு வெள்ளிக்கிழமை," என்றாள் படிகக்காரி. குரலில் சலிப்பு.

"ஒரே ஒரு நிமிஷம். நாலையும் சேர்த்துப் பாரு. குப்பைன்னா நாலு வீட்டுலயும் ஒரே மூலையிலயா கிடக்கும்?"

படிகக்காரி நின்றபடியே பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். பொருள் அழுத்தமாகத் தெரியும் இடத்தில் மட்டும் விழும்படி, வலையை இன்னும் கறாராக வரையச் சொன்னாள். சுற்றிலும் இருந்த அரைகுறைப் பிசிறுகள் ஒவ்வொன்றாக மறைந்தன. காற்புள்ளி மட்டும் இடத்தை விட்டு அசையவில்லை.

"நான் முதல் துண்டை மட்டும்தான் உத்துப் பார்த்தேன்," என்றாள் மெதுவாக. "மத்த மூணும் அதே மாதிரிதானேன்னு விட்டுட்டேன்."

தண்ணீர் மூலக்கூறைப் பொருத்திப் பார்த்தாள். வலை அதற்குப் பெரிது. இன்னும் இரண்டு மூன்றைப் பொருத்தினாள், முட்டிக்கொண்டன. மத்தியானச் சாப்பாட்டை இருவரும் மறந்தார்கள். கடைசியில் ஒன்று, சாவி பூட்டுக்குள் போவது போலப் போய் உட்கார்ந்தது.

"கிளிசரின்!"

"கை வெடிப்புக்குத் தடவுவாங்களே, அதுவா?"

"அதேதான் அக்கா. படிகத்தை உறைய வைக்கறப்ப உடையாம இருக்க ஊத்தினோம்."

வண்ணக்காவுக்குப் பொசுக்கென்று ஆயிற்று. என்னவோ ஏதோ என்று நினைத்தால், இவர்களே ஊற்றியதுதானா! ஆனால் படிகக்காரி திரையை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை. கிளிசரின் உட்கார்ந்திருந்தது ஒரு குழியின் வாசலில். சர்க்கரை இந்தப் புரதத்துக்குள் எந்த வழியாக நுழைகிறது என்று அவர்கள் இரண்டு வருடமாக வேறொரு பக்கம் தேடிக்கொண்டிருந்தார்கள். சர்க்கரையும் கிளிசரினும் ஏறக்குறைய ஒரே மாதிரிக் கைகள் உள்ளவை. இது இங்கே பிடித்துக்கொள்கிறதென்றால், அதுவும் இங்கேயே பிடித்துக்கொள்ளலாம்.

கட்டுரை வெள்ளிக்கிழமை போகவில்லை. பேராசிரியர் கொஞ்சம் முணுமுணுத்தார். நான்கு படங்களையும் பார்த்த பிறகு, புதுப் படிகம் எடுக்கச் சொன்னதே அவர்தான். கிளிசரின் இல்லாமல், சர்க்கரைக் கரைசலில் ஊறவைத்துப் புதுப் படிகங்கள் எடுத்தார்கள். ஏழாவது வாரம் படிகக்காரி மாடிப்படியில் இரண்டிரண்டாகத் தாவி வந்தாள்.

"அக்கா! அதே வாசல்!"

அந்தப் படத்தை வண்ணக்கா ஒன்பது தடவை மாற்றினாள். முதலில் புரதத்தைப் பச்சையாகவும் சர்க்கரையைச் சிவப்பாகவும் போட்டு வீட்டில் காட்டினாள். கணவருக்குப் பச்சையும் சிவப்பும் பிரித்துத் தெரியாது. "எங்க இருக்கு உன் சர்க்கரை? எல்லாம் ஒரே மண்ணு நிறமா இருக்கு," என்றார். படிக்கிறவர்களிலும் அப்படிப்பட்ட கண்கள் இருக்குமே என்று நீலமும் ஆரஞ்சுமாக மாற்றினாள். அந்தப் படம்தான் பத்திரிகையில் வந்தது. கட்டுரையின் தலைப்புக்குக் கீழே இருந்த பெயர்களில் மூன்றாவது அவளுடையது. நன்றி என்று கடைசியில் ஒரு வரி போட்டால் போதுமே என்று அவள் கூச்சப்பட்டபோது, படிகக்காரி காதில் போட்டுக்கொள்ளவே இல்லை.

அதன் பிறகு படத்தில் எதையாவது மறைக்க வேண்டுமென்றால், ஆட்கள் மின்னஞ்சல் அனுப்புவதில்லை, நேரிலேயே வந்துவிடுகிறார்கள். அவள் பக்கத்தில் இப்போது நிரந்தரமாக இன்னொரு நாற்காலி கிடக்கிறது. போன செவ்வாய்க்கிழமை ஒருவர் வந்து, ஒரு சவ்வுப் புரதத்தின் ஓரத்தில் நீண்டு கிடந்த வால் போன்ற ஒன்றைக் காட்டி, "இதை எடுத்துடலாம் இல்லையா?" என்றார்.

"எடுத்துடலாம்," என்றாள் வண்ணக்கா, அதைத் திரையில் மெல்லத் திருப்பியபடி. "என்னன்னு தெரியுமா உங்களுக்கு?"

அவர் வாயெடுத்தார். பிறகு நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டார்.