கொடுத்ததைவிடக் கனமாக வந்த பாட்டில்

ரெட்டிபாளையம் மலர்க்கொடி அக்கா திருப்பிக் கொடுத்த பாட்டில், நாங்கள் கொடுத்ததைவிடக் கனமாக இருந்தது.

அரியலூரில் ஒரு கண் மருத்துவமனை. வறண்ட கண்ணின் அழற்சியைத் தணிக்கும் புதுச் சொட்டு மருந்தைப் பரிசோதித்துக்கொண்டிருந்தோம். பாதிப் பேருக்கு மருந்து, மீதிப் பேருக்கு மருந்தில்லாத சொட்டு. யாருக்கு எது என்று டாக்டருக்கும் தெரியாது. திரும்பி வரும் பாட்டிலை எடை போடுவது என் வேலை. எடை குறைந்திருந்தால் சொட்டு விட்டிருக்கிறார்கள், குறையாவிட்டால் டபாய்க்கிறார்கள். அவ்வளவுதான் எங்கள் விஞ்ஞானம்.

"மருந்து குட்டி போட்டுருக்கா சார்?" என்றார் டாக்டரம்மா. "அந்தம்மா விடவே இல்ல. லிஸ்ட்லேர்ந்து தூக்கிருங்க."

வெளியே உட்கார்ந்திருந்த அக்காவை உள்ளே கூப்பிட்டுக் கேட்டேன்.

"சாமி சத்தியமா ரெண்டு வேளையும் வுட்டேன் சார். இப்பதான் கண்ணு அறுக்காம இருக்கு. பாட்டிலயும் நல்லபடியாத்தான கொண்டாந்தேன்?" குரலில் பெருமை வேறு.

பிளஸ் டூ படிக்கும் என் மகள் பள்ளி விட்டு அங்கேதான் வந்து உட்கார்ந்திருந்தாள். போன் பார்த்தே சிவந்த கண்கள். நான் கம்ப்யூட்டர் பக்கம் திரும்பியதும் தராசிலிருந்த பாட்டிலை எடுத்து அண்ணாந்துவிட்டாள்.

"அப்பா, கண்ணு எரியுது. ஒரே ஒரு சொட்டு."

"வுடாத பாப்பா! அது எங்க வூட்டு போர் தண்ணி!" என்று அலறினார் அக்கா.

பாய்ந்து தட்டிவிட்டேன். சொட்டு அவள் மூக்கில் விழுந்தது.

"போர் தண்ணிய எதுக்குக்கா ஊத்துனீங்க?"

"அடுத்தவங்க ஏனத்த காலியா திருப்பிக் குடுப்பாங்களா சார்? கொழம்பு வாங்குன கிண்ணம்னா நாலு கத்திரிக்கா போட்டுக் குடுப்போம். இதுல கத்திரிக்கா போவுமா? கொண்டை ஊசியால பாட்டில் மூக்க நெம்பி, தண்ணிய ரொப்புனேன்."

டாக்டரம்மா விழுந்து விழுந்து சிரித்தார். "தண்ணிதானப்பா" என்றாள் மகள். அழுக்குத் தண்ணீரால் கருவிழி புண்ணாகி வந்தவர்களை நான் பார்த்திருக்கிறேன், அவள் பார்த்ததில்லை. பாட்டிலை அலமாரியில் வைத்துப் பூட்டினேன்.

நடந்ததை மருந்துக் கம்பெனிக்கு எழுதினோம். அக்காவைத் தூக்கவில்லை.

இந்த வேலைக்கு வரும் தம்பி தங்கைகளே, "பாட்டிலத் திருப்பிக் குடுங்க" என்று மட்டும் சொல்லி அனுப்பாதீர்கள். "காலியாவே குடுங்க, கோவிச்சிக்க மாட்டோம்" என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். எடை போட்ட கையோடு பூட்டி வையுங்கள்.

அடுத்த முறை அக்காவின் பாட்டில் காலியாக வந்தது. கூடவே ஒரு மஞ்சப்பையில் கத்திரிக்காய். "நோயாளிங்ககிட்ட எதுவும் வாங்கக் கூடாதுக்கா" என்றேன். "ஒங்களுக்கு யாரு குடுத்தா? பாப்பாவுக்கு" என்றார்.

மகள் இப்போதும் கண்ணைக் கசக்குகிறாள். நான் முதலில் அவள் கையில் என்ன இருக்கிறது என்றுதான் பார்க்கிறேன்.