ரூபி டீச்சரின் இடது கை

நான் சொன்ன ஒரு வார்த்தையால் ரூபி டீச்சர் வாசிப்பதையே நிறுத்திவிட்டார். முப்பது வருடமாகப் பியானோ திருத்துகிறேன். நான் செய்த தவறுகளில் இன்றும் கூசவைப்பது அதுதான்.

இலங்கை மலையகத்தில், திம்புள்ளப் பக்கம் ஒரு தேயிலைத் தோட்டத்துத் தேவாலயம். அங்கே வெள்ளைக்காரத் துரைமார் காலத்து அப்ரைட் பியானோ ஒன்று, சுவரோரம் நிமிர்ந்து நிற்கும் வகை. ஞாயிறு ஆராதனைக்கு வாசிப்பவர் ரூபி டீச்சர். தோட்டப் பாடசாலையில் படிப்பித்து ஓய்வு பெற்றவர். பக்கவாதத்தில் விழுந்த இடது கையை ஒரு வருடப் பயிற்சியில் மீட்டிருந்தார். மறுபடி வாசிக்க உட்கார்ந்தபோது, இடப்பக்கக் கட்டைகளை மெதுவாக அழுத்தினால் சத்தம் வரவில்லை. போதகர் என்னை அழைத்தார்.

மழைக்காலத்தில் நாங்கள் முதலில் பார்ப்பது கட்டைகளைத்தான். ஈரத்தில் கட்டைக்கடியில் உள்ள ஃபெல்ட் என்ற கம்பளித் துணி ஊதினால் அழுத்திய கட்டை எழும்பாது. இறுகியிருந்த நாலைந்தைத் தளர்த்தினேன். வாசித்துப் பார்த்தேன். கணீரென்று கேட்டது. பியானோவில் இனி ஒரு பழுதும் இல்லை என்றேன். டீச்சர் தன் கையைப் பார்த்துக்கொண்டு தலையாட்டினார்.

இரண்டு வாரம் கழித்துப் போதகர் போன் பண்ணினார். "டீச்சர் வாறதில்லங்க. கை போயிருச்சுன்னு சொல்லிட்டாங்க."

எனக்கு உறுத்தியது. என் விரல் பலத்தில் அல்லவா நான் சோதித்தேன்? மறுநாளே ஹட்டனில் பஸ் ஏறினேன். போதகர் டீச்சரை அழைத்து வந்தார். டீச்சருக்குப் பியானோ முன் உட்கார மனமில்லை.

"விடுங்க தம்பி. பியானோவக் குத்தஞ்சொல்லி என்ன ஆகப்போவுது?"

"ஒரே ஒரு தடவ டீச்சர். இந்தப் பக்கத்த வலது கையால வாசிங்க. மெதுவா."

வலது கையை இடப்பக்கம் கொண்டுபோய் அழுத்தினார். பாதிக் கட்டைகள் ஊமையாக இருந்தன. பிறகு இடது கையை வலப்பக்கம் வைக்கச் சொன்னேன். ஒவ்வொன்றும் மென்மையாக ஒலித்தது. நான் கேட்காமலே திரும்ப ஒருமுறை வாசித்துப் பார்த்தார். அப்புறம் அந்தக் கையை மடியில் வைத்து, வலது கையால் பொத்திக்கொண்டார்.

முன்பலகையைக் கழற்றினேன். கம்பியை அடிக்கும் ஹேமர்களை விரலால் தள்ளிப் பார்த்தேன். வலப்பக்கத்தில் சட்டென்று திரும்பின. இடப்பக்கத்தில் சோம்பலாக வந்தன. பியானோவின் இடப்பக்கம் ஈரம் ஊறும் சுவரை ஒட்டியிருந்தது. ஹேமர் அசைவதற்கு அச்சான சிறு உலோகப் பின்னைச் சுற்றிய ஃபெல்ட் ஊதிப் பிடித்திருந்தது. முதல் தடவை நான் ஓங்கி அடித்ததில் அந்தப் பிடி தெரியவில்லை. இரண்டு நாள் உட்கார்ந்து, ஒவ்வொரு பின்னையும் உருவி, துளையைச் சீராக்கி, புதுப் பின் போட்டேன். பியானோவைச் சுவரைவிட்டு நகர்த்தினோம்.

டீச்சரிடம் மன்னிப்புக் கேட்டேன்.

"நீங்க பொய் சொல்லலியே தம்பி. எனக்கே அப்படித்தான் தோணுச்சு" என்றார். திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன்.

அந்தக் கை பழையபடி ஆகிவிடவில்லை. வேகமான பாட்டுகளை அவரே ஒதுக்கினார். மெதுவானவற்றை இன்றும் அவர்தான் வாசிக்கிறார்.

இந்த வேலைக்கு வருகிறவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கருவிப் பெட்டியைத் திறக்குமுன் வாசிப்பவரை உட்காரவைத்துப் பாருங்கள். அவர் எவ்வளவு மெதுவாகத் தொடுகிறாரோ, அவ்வளவு மெதுவாகத் தொட்டுச் சோதியுங்கள்.