நடுப்பாலத்தில் நின்ற மோட்டார்

என் மகளுக்கு அப்போது இரண்டு வயது. தாசேக் கெலுகோரில் இருக்கும் என் அக்கா வீட்டுக்குப் போய்விட்டு, ஞாயிறு மத்தியானம் நானும் கணவரும் அவளோடு காரில் பினாங்குப் பாலத்தில் தீவுக்குத் திரும்பிக்கொண்டிருந்தோம்.

காலையிலிருந்தே பிள்ளைக்கு வாந்தி; நிற்காமல் போகவே, நேராக மருத்துவமனைக்குத்தான் வந்துகொண்டிருந்தோம். சாப்பாடு இறங்காதபோது மற்றவர்களின் உடம்பு, சேர்த்து வைத்த கொழுப்பை எரித்துச் சமாளித்துக்கொள்ளும். என் மகளின் உடம்புக்குக் கொழுப்பைச் சேர்க்கத் தெரியும்; எரிக்கத்தான் முடியாது. அதற்கு வேண்டிய நொதி பிறவியிலேயே சரியாக வேலை செய்யவில்லை. வாந்தி நிற்காவிட்டால் உடனே மருத்துவமனைக்குக் கொண்டுவந்து குளுக்கோஸ் ஏற்ற வேண்டும், தாமதித்தால் உயிருக்கே ஆபத்து என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

பாலத்தின் நடுவில் கார்கள் அப்படியே நின்றுவிட்டன. முன்னால் ஏதோ விபத்து. ஆம்புலன்சுக்குப் போன் செய்தோம். அதுவும் இந்த நெரிசலைத் தாண்டித்தான் வர வேண்டும். பிள்ளையின் நாக்கில் வைத்த குளுக்கோஸ் தண்ணீர் கடைவாயில் வழிந்தது. பெயரைச் சொல்லிக் கூப்பிட்டேன். கண் திறக்கவில்லை.

அவளைத் தூக்கிக்கொண்டு இறங்கி, மோட்டார் சைக்கிள்கள் போகும் ஓரத்துக்கு ஓடினேன். கையை நீட்டினேன். சிலர் ஒதுங்கிப் போனார்கள். தொழிற்சாலைச் சீருடையில் வந்த ஒருவர் நிறுத்தினார்.

"என்னாக்கா, நடுப்பாலத்துல எறங்கி நிக்கிறீங்க?"

சொன்னேன். அழுகையில் பாதி புரிந்திருக்காது. பிள்ளையின் முகத்தைப் பார்த்தவர், தன் ஹெல்மெட்டைக் கழற்றி என் தலையில் மாட்டினார்.

"ஏறுங்கக்கா. பாப்பாவ நடுவுல வச்சி இறுக்கிப் புடிச்சிக்குங்க."

காரை விட்டு வர முடியாத என் கணவர், "நீ போ, நான் பின்னாலயே வந்துர்றேன்" என்றார்.

மோட்டார்க்காரர் மெதுவாகவும் ஓட்டவில்லை, வேகமாகவும் ஓட்டவில்லை. "பேசிக்கிட்டே வாங்கக்கா, பாப்பா காதுல விழட்டும்" என்று மட்டும் அடிக்கடி சொன்னார். வாயில் வந்ததையெல்லாம் பேசினேன்.

ஜார்ஜ் டவுன் மருத்துவமனை வாசலில் ஹெல்மெட்டைக் கழற்றிக் காவலர் கையில் திணித்துவிட்டு உள்ளே ஓடினேன். பிள்ளையின் நோய்ப் பெயரைச் சொன்னதுமே குளுக்கோஸ் ஏற்றினார்கள். நெடுநேரம் கழித்து அவள் விரல்கள் என் விரலைப் பிடித்தன. பிறகுதான் வாசலுக்கு ஓடினேன். ஹெல்மெட்டைக் காவலரிடம் கேட்டு வாங்கிக்கொண்டு, வேலைக்கு நேரமாகிவிட்டது என்று அந்த மோட்டார்க்காரர் போய்விட்டாராம்.

இப்போது அவள் பள்ளிக்கூடம் போகிறாள். நான் இல்லாத இடத்தில் அவளுக்கு முடியாமல் போனால் என்ன செய்வது என்ற பயம் விடவில்லை. ஆனால் யாராவது ஒருவர் நிறுத்துவார் என்று நம்பித்தான் தினமும் பள்ளி வாசலில் அவள் கையை விடுகிறேன்.