சைதாப்பேட்டையில் ஊற்றிய கூழ்

எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்ட நான், திண்டிவனத்திலிருந்து பஸ் ஏறி மெட்ராஸ் வந்து, ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனியில் சட்டைப் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் வேலையில் சேர்ந்தேன். எண்பதுகளின் நடுவில் அது. சைதாப்பேட்டையில் ஒரு வீட்டின் பின்கட்டில் மூன்று பெண்கள் ஒரே அறையில் இருந்தோம். ஒருத்தி செஞ்சிப் பக்கம் வல்லம். இன்னொருத்தி முகையூர், மாதா கோயிலுக்குப் போகிறவள். பெயரைச் சொல்லிக் கூப்பிட்டதைவிட ஊரைச் சொல்லிக் கூப்பிட்டதுதான் அதிகம். நான் திண்டிவனம். அவர்களுக்குக் கோபம் வந்தால் பயந்தாங்கொள்ளி.

அந்த வருஷம் வல்லத்தின் அக்காவுக்குக் குறைமாதத்தில் பெண் குழந்தை பிறந்தது. அதற்கு முன் இரண்டு தங்கவில்லை. இது ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தபோது, பிள்ளை நல்லபடியாக வீடு வந்தால் ஆடியில் கூழ் ஊற்றுகிறேன் என்று மேல்மலையனூர் அங்காளம்மனுக்கு வல்லம் வேண்டிக்கொண்டாள். பிள்ளை வீடு வந்துவிட்டது. ஆடியும் வந்தது. கம்பெனியில் அவசர ஆர்டர், ஊருக்குப் போக லீவு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள். ஆடி கடைசி ஞாயிறு நெருங்க நெருங்க அவளுக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அம்மனுக்கு எந்த ஊர் வாசலாக இருந்தால் என்ன, இங்கேயே ஊற்றுவோம் என்று முடிவு செய்தவள் முகையூர்தான்.

அன்றிலிருந்து எனக்குத் தூக்கம் போயிற்று. வீட்டுக்கார அம்மா விறகடுப்புக்கு ஒத்துக்கொள்வாரா, கேப்பை மாவு பதமாகப் புளிக்குமா, மழை வந்தால் என்ன செய்வது. மாதாவைக் கும்பிடுகிறவள் அம்மன் கூழுக்குத் துடுப்புப் பிடிக்கலாமா என்றுகூட வல்லத்திடம் கேட்டுவைத்தேன்.

"நம்ம மூணு பேர்ல கட்டி தட்டாம கிண்டற கை அவ கைதான்டி" என்றாள் அவள்.

முகையூர் காதில் அது விழுந்துவிட்டது. "உங்க ஆத்தா கேட்டா நான் பதில் சொல்லிக்கிறேன். நீ நொய்யைக் கழுவு."

வேண்டுதல் கூழ் உச்சிப்பொழுதுக்குள் தீர வேண்டும் என்பது வல்லம் வீட்டு வழக்கம். மிச்சம் விழுந்தால் அம்மன் ஏற்றுக்கொள்ளவில்லை என்று அர்த்தமாம். அண்டா காலியாகும் வரை வேண்டிக்கொண்டவள் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கக் கூடாது.

ஞாயிறு காலை எட்டு மணிக்கெல்லாம் எல்லாம் தயார். வாசலில் வேப்பிலை கட்டி, கற்பூரம் ஏற்றி, வெங்காயமும் முருங்கைக்கீரையும் எடுத்து வைத்துக்கொண்டு அண்டாவுக்குப் பக்கத்தில் மூவரும் உட்கார்ந்தோம். எங்கள் ஊர்ப் பக்கம் கூழுக்கு யாரையும் அழைப்பதில்லை. வேப்பிலை கட்டி அடுப்புப் புகைந்தால் போதும், தெருவே சொம்போடு வந்து நிற்கும். அதனால் நாங்கள் தெருவில் ஒருத்தரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. சொல்ல வேண்டும் என்றே தோன்றவில்லை.

ஒன்பது ஆயிற்று. பத்து ஆயிற்று. போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். எதிர்வீட்டுக்காரர் பேப்பர் வாங்கிக்கொண்டு அண்டாவைச் சுற்றிக்கொண்டு நடந்தார். கூழின் மேல் ஏடு படிந்தது.

"நம்ம கையால வாங்கிக் குடிக்க யாருக்கும் இஷ்டமில்ல போல" என்றாள் வல்லம். உதடு காய்ந்து வெடித்திருந்தது. நான் பார்த்தேயிராத அந்தப் பிள்ளையின் முகத்தை நினைத்துக்கொண்டு தெருமுனையையே பார்த்தேன்.

பத்தரைக்குத் தெருமுனையில் தண்ணி லாரி வந்தது. குடத்தோடு இருபது முப்பது பெண்கள். முகையூர் எழுவதற்குள் நான் எழுந்துவிட்டேன். தைரியமெல்லாம் இல்லை. இனிமேலும் அங்கே உட்கார்ந்திருக்கப் பயமாக இருந்தது. ஒரு வருஷமாக அந்தத் தெருவில் யாரிடமும் நின்று பேசாதவள், வரிசையில் முதலில் நின்ற அக்காவிடம் போய் நின்றேன்.

"யக்கா, அம்மனுக்குக் கூழ் ஊத்தறோம். வந்து வாங்கிக்கினு போறீங்களா?"

அவர் குடத்தை இறக்கி வைத்தார். "அதுக்குத்தான் காலையிலேர்ந்து மூணு பேரும் மூஞ்சைத் தூக்கி வச்சிக்கினு உக்காந்திருக்கீங்களா? நாங்க இன்னாவோ உங்க ஊர் ஆளுங்க வராங்க போலன்னு இருக்கோம். வாயத் தொறந்து சொன்னா இன்னாம்மா?"

வரிசையில் குடங்களை மட்டும் நிறுத்திவிட்டு ஓடினார்கள். சொம்பு, டம்ளர், பால் குக்கர், கையில் கிடைத்ததை எடுத்து வந்தார்கள். ஒரு வீட்டிலிருந்து சுடச்சுடக் கருவாட்டுக் குழம்பு வந்தது. எதிர்வீட்டுக்காரர் இரண்டாம் தடவையும் வந்து வாங்கினார். விறகடுப்புக்கு மட்டும் கேட்டீர்கள், கூழுக்குக் கூப்பிடவில்லையே என்று சண்டை பிடித்துக்கொண்டே வீட்டுக்கார அம்மா ஒரு பெரிய தூக்கை நீட்டினார். வல்லம் ஊற்ற ஊற்ற முகையூர் வெங்காயம் வைத்தாள். பன்னிரண்டு அடிக்கக் கால் மணி இருக்கும்போது அண்டாவில் துடுப்பு மட்டும்தான் இருந்தது.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. விரதம் இருந்தவளுக்கென்று ஒரு வாய் எடுத்து வைக்கவில்லை. சொன்னதும் வீட்டுக்கார அம்மா தன் தூக்கைத் திறந்து, வல்லத்தின் டம்ளர் நிறைய ஊற்றினார்.

"மொதல்ல குடிடி. நீ மயக்கம் போட்டு வுழுந்தா அதுக்கு ஒரு வேண்டுதல் வைக்கணும்."

அவள் நின்றபடியே ஒரே மூச்சில் குடித்தாள். குடித்துவிட்டுச் சிரித்தாள்.

மத்தியானம் வல்லம் தன் அக்காவுக்குக் கார்டு எழுதச் சொன்னாள். கூழ் ஊற்றினோம், அண்டா காலி, பிள்ளையைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் என்று எழுதினேன். பத்தரை வரை ஒருத்தரும் வராததையும் எழுதட்டுமா என்று கேட்டேன்.

"வேணாம்டி. அதை எழுதினா அவளும் உன்னாட்டமே பயந்துகினு கெடப்பா" என்றாள்.

எழுதவில்லை.