கயிறு பிடித்தவர்

குற்றாலத்தில் எனக்கு எண்ணெய் தேய்த்துவிட்ட அந்த ஒடிசலான மனிதர், வேலை முடிந்ததுமே வலது கையைப் பொத்திக்கொள்வார். ஒருநாள் தென்காசிக் கூடாரக் கொட்டகையில் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். பனிமலை ஏறும் படம். ஒரே கயிற்றைக் கட்டிக்கொண்டு ஏறிய இரண்டு வெள்ளைக்காரர்கள் மேகத்தில் மறைந்தார்கள். அவர்கள் திரும்பாமலே படம் முடிந்தது. "ஒரு சண்டைகூட இல்லையேலே" என்று சலித்துக்கொண்டே சனம் எழுந்தது. அவர் எழவில்லை.

"பின்னால கயித்தப் பிடிச்சவன் முன்னவனுக்கு மச்சினனாய்யா?"

"தெரியலியே. ஏன் கேக்கீரு?"

"மலையில தேனெடுக்க இறங்குதவனுக்கு மச்சினன்தான் கயிறு பிடிக்கணும். தங்கச்சி தாலிய நெனச்சு விடமாட்டாம்லா."

"மச்சினன் பிடிச்சிருந்தா பிழைச்சிருப்பான்னா சொல்லுதீரு?"

பொத்திய கையை விரித்தார். உள்ளங்கையில் ரேகையே இல்லை. கயிறு உருவிப்போன தழும்புதான் இருந்தது.

"என் தங்கச்சி மாப்பிளைக்கு நாந்தான்யா பிடிச்சேன்."